கல்வெட்டில் சொன்ன ஏரியைத் தேடிப் போனது: ஒரு கண்ணாடி, பத்து மீட்டர் டியூப், ஐந்து ஞாயிறு

போன மாதம் ஒரு ஞாயிறு காலை எட்டரை மணி. பெங்களூர் மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவர் அருகே எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி நின்று, "அங்கிள், இது ட தானே?" என்று கேட்டாள். ட தான். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் யாரோ உளி பிடித்து வெட்டிய ட. அடுத்த நிமிடம் பக்கத்தில் இருந்த பையன் ஒரு ப கண்டுபிடித்தான், அப்புறம் சுவர் முழுக்க ஒரே கூச்சல். அந்தச் சுவரில் இருக்கிற பழைய தமிழ்க் கல்வெட்டைத் தெருக்காரர்களுக்குக் காட்ட நான் செய்த முயற்சி, மூன்று முறை சொதப்பிய பிறகு நாலாவது முறை வேலை செய்தது. எப்படிச் செய்தேன், எங்கே காசைக் கொட்டினேன் என்று எழுதி வைத்தால் வேறு பேட்டையில் யாராவது செய்து பார்க்கலாம், அதற்காகத்தான் இது.

என்னைப் பற்றி ஒரு வரி. யுபிஎஸ், பேட்டரி சர்வீஸ் வேலை, சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், மடிவாளாவில் 17 வருடம். கல்வெட்டு படித்தவன் இல்லை. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பேட்டரி மாற்றும்போது அந்த வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், "நீ தினம் வண்டியில் போற வழியில இருக்கிற கோயில் சுவர்ல தமிழ் எழுத்து இருக்கு, தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. 17 வருடம் அந்த வழியாகப் போய் வந்தும் தெரியாது என்பது கொஞ்சம் உறுத்தியது.

அவர்தான் எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியைக் காட்டினார். பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் தொகுத்தது, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள், 1905. இணையத்தில் ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடைக்கிறது. மடிவாளாக் கோயில் சுவரில் இருப்பவற்றில் பழையது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூர்க்காரர் ஒருவர், அதாவது இன்றைய பேகூர், வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருக்கிற நிலத்தைக் கொடுத்ததாகச் சொல்வது. வெங்களூர் என்றால் நாம் இருக்கிற இந்த ஊர்தான். ஹொய்சள ராஜா மூன்றாம் வல்லாளன் காலத்து வேறு கல்வெட்டில் தாமரையின் பெயர் கொண்ட ஓர் இடம் வருகிறது. அது இப்போது நமக்கு தாவரெகெரே பஸ் ஸ்டாப். கன்னடத்தில் தாவரெ என்றால் தாமரை, கெரெ என்றால் ஏரி.

சரி, இதைத் தெருக்காரர்களுக்குக் காட்டலாம் என்று ஆசை வந்தது. அங்கேயே முதல் தப்பு. தெரு வாட்ஸ்அப் குழுவில் 'பெங்களூரில் தமிழர் கல்வெட்டு, வாருங்கள் பார்க்கலாம்' என்று போட்டேன். வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் என் மனைவி. குழுவில் வந்த சண்டை தனி. எதிர்வீட்டுக் கன்னடக்காரர், ரொம்ப நல்ல மனிதர், 'அப்போ இந்த ஊர் யாருது என்று காட்டப் போறீங்களா?' என்று கேட்க, நம்மாட்கள் இரண்டு பேர் பதில் எழுத, ராத்திரி பதினோரு மணிக்கு நான் மன்னிப்புக் கேட்டு அந்தச் செய்தியை அழித்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் எழுதிய விதம் அப்படி.

அந்த மூன்று பேரோடு போன முதல் ஞாயிறு இன்னும் மோசம். சுவரில் எழுத்தே தெரியவில்லை. வருடக்கணக்காகப் படிந்த அழுக்கு, கருங்கல், நேர் வெளிச்சம். கிட்டே போய்ப் பார்த்தாலும் வெறும் பொத்தல் மாதிரிதான் இருக்கிறது. நான் புத்திசாலித்தனமாகப் பையில் சாக்பீஸ் எடுத்துப் போயிருந்தேன். ஒன்றரை அடி அகலத்துக்குத் தேய்த்தேன், எழுத்து கொஞ்சம் பளிச்சென்று வந்தது, போட்டோ எடுத்து வாத்தியாருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. அவர் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. சாக்குத்தூள் எழுத்தின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும், அடுத்து வருகிறவன் எழுத்தைப் பார்க்காமல் நான் தேய்த்த கோட்டைத்தான் படிப்பான், ஒரு கீறலை எழுத்து என்று நினைத்துத் தேய்த்துவிட்டால் பாடமே மாறிவிடும். மாவு, விபூதி, எண்ணெய், கரி எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. காகிதம் ஒட்டி மைப்படி எடுப்பதும் அனுமதியோடு பழகியவர்கள் செய்கிற வேலை, நாம் கை வைக்கக் கூடாது. அன்று சாயங்காலம் இரண்டு அங்குல மிருதுவான பெயிண்ட் பிரஷ் இரண்டு வாங்கி, முதலில் உலர்வாகத் தட்டி, அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்து, இரண்டு மணி நேரம் சுத்தம் செய்தேன். சோப்பு போடவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது.

வாத்தியார் கோபம் தணிந்ததும் சொன்ன வழி, சாய்வான வெளிச்சம். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சம் போனால் பள்ளத்தின் ஒரு ஓரம் நிழலாகும், எழுத்து தானாக எழுந்து நிற்கும். கல்லைத் தொடவே வேண்டாம். நாம் எல்லாருமே பார்த்ததுதான். ராத்திரி பைக் ஹெட்லைட்டில் தெரிகிற ரோட்டுக் குழி பகலில் தெரியாது.

இரண்டாவது ஞாயிறு அதனால் டார்ச். செல்போன் விளக்கு உதவாது, வெளிச்சம் பரந்துவிடுகிறது. ஒடுங்கிய கற்றை வருகிற எல்இடி டார்ச் 450 ரூபாய்க்கு வாங்கினேன். மாலை ஆறே முக்காலுக்கு இருட்டு கட்டியதும் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் டார்ச்சைப் பிடித்து, கற்றை சுவரை உரசுகிற மாதிரித் திருப்பினேன். அப்பா! எனக்கு மட்டும் தெரிந்தது. என் பக்கத்தில் நின்றவருக்கும் தெரிந்தது. பின்னால் நின்ற ஏழு பேருக்கு என் முதுகுதான் தெரிந்தது. அது சாயங்கால பூஜை நேரம் வேறு. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, ஒரு பெரியவர் புதையல் ஏதாவது தேடுகிறீர்களா என்று நேராகவே கேட்டார். பிள்ளைகளுக்கு ட்யூஷன், கொசு வேறு. ஒருவர் இருவராகப் போய்ப் பார்க்க டார்ச் நல்ல கருவி, கூட்டத்துக்கு இல்லை.

பகலிலேயே சாய்வு வெளிச்சம் வேண்டும், நாங்கள் எடுத்துக்கொண்ட பகுதியில் வெயில் நேராக விழாது. அப்போதுதான் கண்ணாடி. பழைய கல்லறைக் கற்களில் தேய்ந்த எழுத்தைப் படமெடுக்கிறவர்கள் கையாளும் வழி இது. ஒருவர் வெயிலில் நின்று கண்ணாடியால் வெளிச்சத்தைப் பிடித்துச் சுவரோரமாகத் திருப்பிவிட வேண்டும்.

முதல் கண்ணாடி 310 ரூபாய், பாத்ரூமில் மாட்டுகிற ஒன்றரை அடிக்கு ஒரு அடி. மூன்றாவது ஞாயிறு பிளாஸ்டிக் ஸ்டூலில் சாய்த்து வைத்தேன், வெளிச்சத் திட்டு ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது, நாலு எழுத்து தெரிந்தது, காற்று அடித்தது, கண்ணாடி போச்சு. பொறுக்கி எடுப்பதிலேயே அன்றைக் காலை முடிந்தது.

இரண்டாவது கண்ணாடியைத்தான் கொஞ்சம் யோசித்துச் செய்தேன். அலமாரிக் கதவுக்குப் போடுகிற 4 மில்லிமீட்டர் கண்ணாடி, நாலு அடிக்கு ஒரு அடி, ஓரம் தேய்த்து 520 ரூபாய். பின்னால் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியது. கடையில் மிச்சத் துண்டாகக் கேட்டால் 380க்குக் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் கண்ணாடியின் முதுகு முழுக்க அகலமான பேக்கிங் டேப், 60 ரூபாய். உடைந்தாலும் சிதறாது. அப்புறம் சிலிக்கான், அது என் டூல் பேகில் இருந்தது. நிறுத்துவதற்கு, என் வேலையில் பழைய பேட்டரி ட்ராலிக்குப் பஞ்சமில்லை, சக்கரம் வைத்த ஒன்று சும்மா கிடந்தது. அதன் மேல் கண்ணாடிப் பலகையின் அடியை இரண்டு கதவுக் கீலில் பொருத்தி, பின்னால் ஜன்னல் கொக்கி ஒன்று போட்டு, கொக்கியை வெவ்வேறு வளையத்தில் மாட்டினால் சாய்வு மாறுகிற மாதிரி செய்தேன். கீல், கொக்கி, ஸ்க்ரூ 110. ட்ராலியின் கீழ்த் தட்டில் செத்துப்போன பேட்டரி ஒன்று, காற்றுக்கு அசையாமல் இருக்க. இந்தப் பேட்டரி யோசனை மட்டும் எனக்கே பிடித்திருந்தது.

அளவுகள், செய்து பார்க்கிறவர்களுக்கு: கண்ணாடிக்கும் சுவரில் பார்க்கிற இடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு அடி. வெளிச்சம் சுவரைத் தொடுகிற கோணம் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருக்க வேண்டும், கூடினால் எழுத்து மங்கிவிடும். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சத்தில் செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தெரியும், படுக்கைக் கோடு தொலைந்துவிடும். அதனால் கண்ணாடியை ஒரு முறை பக்கத்தில் வைத்தும், இன்னொரு முறை கைக்கண்ணாடியால் மேலிருந்து வருகிற மாதிரியும் காட்ட வேண்டும். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் ட்ராலியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். இந்த வேலைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், முறை வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு நேராக யாரும் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒத்திகை பார்த்தபோது வெளிச்சம் பூக்காரம்மா கண்ணில் அடித்து, அவர் கட்டிக்கொண்டிருந்த சரம் கையை விட்டுப் போனது. நியாயமான திட்டு வாங்கினேன், இரண்டு முழம் மல்லிகையும் வாங்கினேன்.

கோயிலில் முன்கூட்டியே அனுமதி கேட்டோம். சுவரைத் தொட மாட்டோம், எட்டு மணி முதல் ஒன்பதரை வரைதான், அபிஷேக நேரத்தில் குறுக்கே நிற்க மாட்டோம். இதைக் கேட்பதற்கு எனக்கு ஏன் மூன்று ஞாயிறு ஆனது என்று தெரியவில்லை.

வாட்ஸ்அப் செய்தியையும் மாற்றினேன். எதிர்வீட்டுக்காரரையே உட்கார வைத்து, கன்னடத்தில் அவரும் தமிழில் நானும் ஒரே செய்தியை எழுதினோம்: 'நம்ம தெருவில் மழைத் தண்ணீர் ஏன் அந்த ஒரு இடத்திலேயே நிற்கிறது? கோயில் சுவரில் ஒரு பழைய ஏரி எழுதியிருக்கிறது. ஞாயிறு எட்டு மணி, இட்லி உண்டு.' 19 பேர் வந்தார்கள். இட்லிக்கு எத்தனை பேர், ஏரிக்கு எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

எழுத்து அட்டைதான் அன்றைக்கு முக்கியமான பொருள். ஏ4 தாளில் பன்னிரண்டு எழுத்து, இடப்பக்கம் இன்றைய வடிவம், வலப்பக்கம் கல்வெட்டு வடிவம், லேமினேட் செய்து தலைக்கு ஒன்று. எல்லா எழுத்தையும் போட நினைத்தேன், வாத்தியார் பன்னிரண்டு போதும் என்றார். ட, ப, ம, ய மாதிரி அதிகம் மாறாத எழுத்துகளில் ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் ஒன்றாவது கிடைத்துவிடும், ஒன்று கிடைத்தவன் நகர மாட்டான். கூடவே மூன்று எச்சரிக்கை: புள்ளி கிடையாது, க என்று இருப்பது க் ஆகவும் இருக்கலாம், எ, ஏ வித்தியாசம் இல்லை, ஒ, ஓ வித்தியாசமும் இல்லை, ர எழுத்தும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். நடுநடுவே கிரந்த எழுத்து வரும், ஆரம்பத்தில் வழக்கமாக வருகிற ஸ்வஸ்தி ஸ்ரீ அப்படித்தான். கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் அட்டையை வைத்து ட கண்டுபிடித்தார்கள். வடிவம் பார்க்கிற விளையாட்டுதானே. பார்த்த எழுத்தை ஒவ்வொருவரும் நோட்டில் வரைந்தார்கள், நான் செல்போனை ட்ரைபாடில் அசையாமல் வைத்து, வெளிச்சத்தை மட்டும் ஐந்து பக்கத்திலிருந்து மாற்றி ஐந்து படம் எடுத்தேன். ஒரு படத்தில் தொலைந்த கோடு இன்னொன்றில் இருக்கிறது. இதையே பெரிய அளவில் துல்லியமாகச் செய்கிறவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துச் சேமிக்கிறது. அதற்கு முன்னால் என் ட்ராலி ஒரு பொம்மை. ஆனால் பொம்மையைத் தள்ள ஆறாம் வகுப்புப் பெண்ணால் முடிகிறது.

நாங்கள் சுவரிலிருந்தே முழு வாக்கியம் படித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். எழுத்துகளை மட்டும்தான் பிடித்தோம். வாசகத்துக்குப் புத்தகம்தான். திண்ணையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே 1247ஆம் ஆண்டு விஷயத்தை வாத்தியார் சொன்னபோது, மூன்றாவது மாடி ஐடி தம்பி, "ஏரிக்குக் கீழே நிலம்னா, தண்ணிக்கு அடியிலயா சார்? அதை வாங்கி என்ன பண்றது?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மருமகளோடு வந்திருந்த செங்கம் பாட்டி ஒருவர், அதுவரை எழுத்து அட்டையை விசிறியாக வைத்திருந்தவர், சிரித்துவிட்டார். "ஏரிக்குக் கீழேன்னா மதகுக்குக் கீழே தம்பி. ஏரித் தண்ணி பாயிற நஞ்சை. எங்களுக்கு நாலு காணி ஏரிக்குக் கீழதான் இருந்தது, மேட்டுல ரெண்டு." அத்தோடு நிற்கவில்லை. கரை, மதகு, வாய்க்கால், ஏரி நிரம்பினால் வழிகிற இடம் என்று எழுந்து நின்று கையால் காட்டி, "அங்கதான் கோடி போகும்" என்றார். எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கன்னடத்திலும் ஏரி வழிகிற இடம் கோடிதானாம், கெரெ கோடி என்பார்களாம். அவருடைய அப்பா ஊர் கோலார் பக்கம். அப்புறம் அந்த இரண்டு பேரும் அரைத் தமிழ் அரைக் கன்னடத்தில் மீன் பிடித்த கதை, ஏரி காவலுக்கு ராத்திரி போன கதை என்று அரை மணி நேரம். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு பாக்கெட்டிலேயே இருந்தது. இருக்கட்டும்.

'அப்போ நம்ம தெரு ஏரிக்குக் கீழயா, மேலயா?' என்று பிள்ளைகள் கேட்டதில்தான் அடுத்த வேலை வந்தது. தர்மபுரி மேஸ்திரி அண்ணன் ஒருவர் குழுவில் இருந்தார், "டியூப் லெவல் போட்டுப் பார்த்துரலாம், இதுக்கு எதுக்கு கல்வெட்டு" என்றார். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூப், அரை அங்குலம், பத்து மீட்டர், 240 ரூபாய். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம், மட்டம் தெளிவாகத் தெரிய. இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் இரண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் எது பள்ளம், எத்தனை அங்குலம் என்று வந்துவிடும். எட்டு எட்டு மீட்டராக நகர வேண்டும்.

அடுத்த ஞாயிறு தெருமுனையில் ஆரம்பித்தோம். நோட்டில் அங்குலம் எழுதுவது பிள்ளைகள் வேலை. நாலு இடம் சரியாக இறங்கியது, ஐந்தாவது இடத்தில் தெரு ஏழு அங்குலம் மேலே ஏறியதாக வந்தது. கண்ணுக்கு இறக்கம், டியூபுக்கு ஏற்றம். நான் உடனே, பழைய ஏரிக்கரை இங்கேதான் இருந்திருக்கும் என்று சொல்லி எல்லாரையும் உற்சாகப்படுத்திவிட்டேன். மேஸ்திரி அண்ணன் என் கையைப் பார்த்தார். டியூப் முனையைக் கட்டை விரலால் அடைத்துப் பிடித்தபடியே மட்டம் பார்த்திருக்கிறேன். காற்று போக வழி இல்லாவிட்டால் தண்ணீர் எப்படி மட்டத்துக்கு வரும்? விரலை எடுத்ததும் ஏரிக்கரை காணாமல் போனது. நடுவில் ஒரு காற்றுக் குமிழியும் இருந்தது, அதைத் தட்டித் தட்டி வெளியேற்றினார். குமிழி இருக்கும் டியூபில் எதையும் நம்பாதீர்கள்.

இன்னொரு தப்பு அதைவிடப் பெரியது, நாங்கள் பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. ரோட்டை அளந்துகொண்டிருந்தோம். இந்த ஊரில் தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறியிருக்கிறது, நடுவே ஹம்ப் வேறு. பழைய வீடுகளுக்கு இரண்டு படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. உண்மையான தரை அந்த வீட்டு வாசல்தான். திரும்ப முதலிலிருந்து, பழைய வீடுகளின் வாசற்படிக்கு அடியில் அளந்தோம். யாரும் மறுக்கவில்லை. எல்லா வீட்டிலும் வெளியே வந்து என்ன ஏது என்று கேட்டார்கள், மூன்று வீட்டில் டீ. ஒரு வீட்டுக்காரர் தன் வாசலில் 2022 செப்டம்பர் மழையில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினார். முடிவில் 310 மீட்டருக்கு 61 அங்குல இறக்கம். அதாவது ஐந்து அடி ஒரு அங்குலம். கடைசிப் புள்ளி, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் மழைக்கு வண்டி நிறுத்தாத அதே மூலை, அதற்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய். "இதுக்கா ரெண்டு மணி நேரம்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார் ஒரு ஆட்டோ அண்ணன். அது சரிதான், அடுத்த முறை அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மழைக்குத் தண்ணீர் எங்கெல்லாம் நிற்கும் என்று அவர்கள் மனதில் ஒரு வரைபடம் இருக்கிறது.

அந்த உற்சாகத்தில் 26 பேர் அப்படியே மடிவாளா ஏரிக்கு நடந்தோம். பெரியவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், பிள்ளைகளோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ரிங் ரோட்டைக் கடக்கும்போது ஆளுக்கு இரண்டு பிள்ளை என்று கைபிடித்தோம். ஏரியில் கூழைக்கடா இருந்தது, நீர்க்காகம் கட்டையில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது, ஓரத்தில் நாமக்கோழிகள். மூன்று பைனாகுலர்தான் இரவல் கிடைத்தது, 26 பேருக்குப் போதவில்லை. எழுத்து அட்டை மாதிரி இதில் எல்லாருக்கும் கையில் ஒன்று இல்லாததால் பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சிறுவன் ஆகாயத்தாமரையைக் காட்டி, தாவரெகெரேயின் தாமரை இதுதானா என்று கேட்டான். இல்லை கண்ணா, அந்தத் தாமரை வேறு; இது தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆள்.

கரையில் உட்கார்ந்து, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பெங்களூர் ஏரிகள் தனித்தனி இல்லை, ஒன்று நிரம்பி ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய் வழியாக இன்னொன்றுக்கு. மடிவாளா, அகரா, பெல்லந்தூர், வர்த்தூர், அங்கிருந்து தட்சிண பினாகினி. நம்ம ஊர்ப் பெயரில் தென்பெண்ணை. நான் தொடர்ந்தேன்: ஓசூரில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடலூரில் கடல். சாத்தனூர் என்றதும் செங்கம் பாட்டி திரும்பினார். அவருடைய நிலத்துக்குச் சாத்தனூர்க் கால்வாய்ப் பாசனமும் உண்டாம். "அடப்பாவி, இங்க நாம கழுவி ஊத்துறதுதான் அங்க எங்க வயலுக்கு வருதா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும் தீப்பிடித்ததையும் எல்லாரும் டிவியில் பார்த்தவர்கள்தான். பாட்டி போகும் வழியில், வீட்டுச் சமையலறைக் குழாய் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது என்று மேஸ்திரி அண்ணனை நோண்டிக்கொண்டே வந்தார்.

செலவு மொத்தம்: கண்ணாடிகள் 830, ப்ளைவுட் 380, கீல் வகையறா 110, டேப் 60, டியூப் 240, டார்ச் 450, பிரஷ் 80, நகலும் லேமினேஷனும் 640, இரண்டு ஞாயிறு இட்லி டீ 1,150. ஆக 3,940 ரூபாய். உடைந்த கண்ணாடியையும் டார்ச்சையும் தவிர்த்திருந்தால் 3,180இல் முடிந்திருக்கும். இருந்தாலும் டார்ச் வீட்டில் கரண்ட் போனால் உதவுகிறது. யுபிஎஸ்காரன் வீட்டில்தான் யுபிஎஸ் ஓடாது.

அடுத்த முறை மாற்றப் போவது: கண்ணாடிக்குப் பதிலாக அலுமினியத் தாளை பலகையில் ஒட்டிப் பார்த்தேன், வெளிச்சம் சிதறுகிறது, வேண்டாம். அக்ரிலிக் கண்ணாடி எடை குறைவு, உடையாது, ஆனால் வளைந்து வெளிச்சத் திட்டு நெளிகிறது. இரண்டடித் துண்டாக எடுத்து ப்ளைவுட்டில் இறுக்கமாக ஒட்டினால் சரியாகலாம், செய்து பார்க்க வேண்டும். அட்டையில் கன்னட எழுத்தும் சேர்க்க வேண்டும். ஏரிக்குப் போகும்போது பறவை வேலையை ஆளுக்கு ஒரு பறவை என்று பிரித்துக் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும். சும்மா பாருங்கள் என்றால் யாரும் பார்ப்பதில்லை. ஜூன் முதல் மேகம் கட்டிவிடும், கண்ணாடி வேலை அதற்குள்.

வருகிற ஞாயிறு பேகூர், நாகேஸ்வரர் கோயில். பெங்களூர் என்ற பெயர் வருகிற நடுகல் அங்கே, கி.பி. 890 வாக்கில், பழைய கன்னடம். வல்லாள ராஜா ஒருவருக்கு ஒரு பாட்டி வெந்த பயறு கொடுத்ததால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு, அந்த ராஜா காலத்துக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. இந்த முறை எதிர்வீட்டுக்காரர் நடத்துகிறார், செய்தியும் அவரே எழுதினார், 31 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ட்ராலியை டெம்போவில் ஏற்ற வேண்டும், முன் சக்கரம் ஒன்று ஆடுகிறது, சனிக்கிழமைக்குள் மாற்றணும். கண்ணாடி இப்போதைக்கு எங்கள் வராந்தாவில் நிற்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் காலையில் அதில் தலை சீவுகிறார்கள்.